கிரேக்கத் துன்பியல் நாடகத்தைத் தமிழ் மேடைக்கு மொழிபெயர்த்தல்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழாக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே அகராதியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஐம்பது அடிகள் போன பிறகுதான், கிரேக்க மொழி சொல்லாமல் விட்ட பல செய்திகளைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டும் என்பதும், அவற்றை முன்கூட்டி முடிவு செய்யாமல் எழுதிய அடிகளையெல்லாம் மறுபடி எழுத வேண்டும் என்பதும் புரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டி சொற்களைவிட அந்த முடிவுகளைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

எந்த நாடகம், எந்தப் பாடம்

ஈஸ்கிலஸ் பெயரில் 7, சோபோக்ளீஸ் பெயரில் 7, யூரிப்பிடீஸ் பெயரில் 19 என்ற கணக்கில் நாடகங்கள் முழுமையாக எஞ்சியிருக்கின்றன. கடைசிப் பத்தொன்பதில் ஒன்று துன்பியல் அன்று, கேலியும் கூத்தும் கலந்த சாட்டிர் நாடகம். இன்னொன்று அவர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. முதல் முயற்சிக்கு ஈஸ்கிலஸை எடுக்க வேண்டாம். அவருடைய நாடகங்களில் பாடற்குழு (கோரஸ்) பாடும் பகுதிகளின் செறிவு புதியவரைச் சோர்வடையச் செய்துவிடும். சோபோக்ளீஸின் அன்டிகோனி நாடகத்தையே பரிந்துரைப்பேன். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியதாகக் கருதப்படும் இந்நாடகம் 1353 அடிகள் கொண்டது. ஒரு நாளைக்குப் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் நான்கரை மாதத்தில் முதல் வரைவு முடியும். ஊருக்கு எதிராகப் படையெடுத்து வந்து இறந்த பொலினைகேஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று புதிய அரசன் கிரேயோன் ஆணையிடுகிறான். தங்கை அன்டிகோனி அதை மீறுகிறாள். எந்த ஊர்ப் பார்வையாளருக்கும் முன்னுரையின்றி விளங்கக்கூடிய கதை இது.

(போகிற போக்கில் "தங்கை" என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அது சரியா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.)

கிரேக்கம் தெரியாதவர் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் "ஆங்கிலம் வழி" என்பதை நூலிலும் நாடக அழைப்பிதழிலும் மறைக்காமல் போட வேண்டும். ஒரே ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் பெரிய தவறு, ஏனென்றால் அந்த மொழிபெயர்ப்பாளரின் முடிவுகள் அனைத்தும் சோபோக்ளீஸின் முடிவுகளாக நமக்குத் தோன்றத் தொடங்கிவிடும். இடப்பக்கம் கிரேக்கமும் வலப்பக்கம் ஆங்கிலமும் கொண்ட லோப் வரிசைப் பதிப்பு ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரிச்சர்ட் ஜெப் அடிதோறும் உரை எழுதிய பதிப்பு ஒன்று, மேடைக்கென்றே செய்யப்பட்ட அண்மைக்கால மொழிபெயர்ப்பு ஒன்று என மூன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்தில் கிரேக்கச் சொல் ஒவ்வொன்றையும் சொடுக்கினால் அதன் இலக்கணமும் அகராதிப் பொருளும் கிடைக்கின்றன. கிரேக்க எழுத்துகளை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போதும். ஒரே சொல் எங்கெங்கே திரும்பி வருகிறது என்பதைக் கண்ணாலேயே பிடிக்க அது உதவும்.

உரிமையையும் இங்கேயே பார்த்துவிடுவோம். மூலம் பொதுவுடைமை, 1905இல் மறைந்த ஜெப்பின் பதிப்பும் அப்படியே. அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்பு எதையும் அப்படியே பின்பற்றித் தமிழாக்கினால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளும், இலங்கையில் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது.

யார் யாரை எப்படி அழைப்பது

முதல் அடியை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தப் பாத்திரம் எந்தப் பாத்திரத்தை எப்படி அழைக்கும் என்று நிரப்புங்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். கிரேக்கத்தில் முன்னிலை ஒருமைக்கு ஒரே சொல்தான். காவலன் அரசனிடமும், மகன் தந்தையிடமும், அக்காள் தங்கையிடமும் அதையே சொல்கிறார்கள். தமிழில் நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்த கணத்திலேயே அவர்களுக்கு இடையிலான தொலைவு எவ்வளவு என்று சொல்லிவிட்டோம்.

உறவுச் சொற்கள் இன்னும் கடினமானவை. கிரேக்கத்தில் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல்லில் மூத்தவள், இளையவள் என்ற வேறுபாடு இல்லை. சகோதரிகளான அன்டிகோனி, இஸ்மேனி இருவரில் யார் மூத்தவர் என்பது இந்நாடகத்தில் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இஸ்மேனியை "அக்கா" என்று ஒரு முறை கூப்பிட வைத்துவிட்டால், அவளுடைய அச்சம் சின்னப் பெண்ணின் பயமாகச் சுருங்கிவிடும். மாற்றி வைத்தால், அன்டிகோனியின் துணிவு இளங்கன்று பயமறியாத கதையாகிவிடும். இரண்டும் மூலத்தில் இல்லாதவை. இருவரும் பெயர் சொல்லி, "நீ" என்றே பேசிக்கொள்ளட்டும் என்பது என் முடிவு. அவர்களுடைய சகோதரர்களான பொலினைகேஸ், எதெயோக்ளேஸ் இருவர் விஷயத்திலும் இதே சிக்கல்தான். பொலினைகேஸ் மூத்தவன் என்று சோபோக்ளீஸ் தம் கடைசிக் காலத்து நாடகம் ஒன்றில் எழுதுகிறார்; யூரிப்பிடீஸோ அவனை இளையவன் ஆக்குகிறார்; அன்டிகோனி நாடகம் இரண்டையும் சொல்லவில்லை. அன்டிகோனி இருவரையும் "அண்ணன்" என்று சொல்வதாக வைத்துக்கொண்டால் அவர்களுக்குள் யார் மூத்தவர் என்ற கேள்வி எழாமலே போய்விடும். தமிழ் ஒப்பாரியில் "அண்ணா" என்ற விளிக்கு உள்ள வலுவும் நமக்குக் கிடைக்கும். மேலே நான் தங்கை என்று எழுதியது மூலம் சொன்னது அன்று, இந்தக் கணக்கில் நான் எடுத்த முடிவு.

ஒரு சபலத்தையும் சொல்லி எச்சரிக்க வேண்டும். கிரேயோன் அன்டிகோனியின் தாயோடு பிறந்தவன். அதாவது தாய்மாமன். அவன் மகன் ஹைமோன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். நம் கணக்கில் மாமன் மகன், முறைமாப்பிள்ளை. கிரேக்க நாடகம் ஒன்று இவ்வளவு கச்சிதமாக நம் உறவுமுறைக்குள் வந்து உட்காருவதைப் பார்த்ததும், அன்டிகோனியின் வாயில் "மாமா" என்று போட்டுவிடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். மூலத்தில் அவள் அவனை உறவு சொல்லி அழைப்பதே இல்லை. உறவைச் சொல்பவன் கிரேயோன்தான், அதுவும் என் சகோதரி மகளே ஆனாலும் தண்டனையிலிருந்து தப்ப மாட்டாள் என்று உறவை உதறும் இடத்தில். அவள் ஒரு முறை "மாமா" என்றாலும் மேடையில் அரசன் மறைந்து குடும்பச் சண்டை தொடங்கிவிடும்.

ஹைமோன் தன் தந்தையிடம் முதலில் சொல்வது "அப்பா, நான் உங்களுடையவன்" என்ற பணிவான சொல். வாக்குவாதம் முற்றும்போது அவனை "நீ"க்கு இறக்கிவிடும்படி நடிகர்கள் கேட்பார்கள். மூலத்தில் அவன் "நீங்கள் என் தந்தையாக இல்லாதிருந்தால், உங்களுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லியிருப்பேன்" என்ற அளவில்தான் நிறுத்துகிறான். மரியாதை குலையாமலே வரும் அந்தச் சொல்தான் சுடுகிறது. ஆகவே கடைசி வரை "நீங்கள்" நீடிக்க வேண்டும்.

வினைமுற்று விகுதியும் நம்மைக் காட்டிக்கொடுக்கும். உடலுக்கு யாரோ மண் தூவி ஈமக்கடன் செய்திருப்பதைக் காவலன் வந்து சொல்லும்போது, செய்தவர் ஆணா பெண்ணா என்று அவனுக்குத் தெரியாது. "யாரோ செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்ற பலர்பால் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. உடனே கிரேயோன் கேட்பது "எந்த ஆண் இதற்குத் துணிந்தான்?" என்று. பெண் செய்திருக்கக்கூடும் என்பது அவன் எண்ணத்திலேயே இல்லை. "எவன் துணிந்தான்?" என்று எழுதினால் அந்தக் குருட்டுத்தனம் அப்படியே நிற்கும், "யார் செய்தது?" என்று எழுதினால் போய்விடும். நூற்று முப்பத்தைந்து அடிகளுக்குப் பிறகு காவலன் அன்டிகோனியை இழுத்துவந்து "இதோ, செய்தவள் இவள்தான்" என்னும்போது அந்த "அள்" விகுதி அரங்கில் இடியாக விழ வேண்டும்.

பெயர்கள்

கிரேக்க ஒலிப்புக்கு நெருக்கமாக "அன்டிகோனே", "இஸ்மேனே" என்று எழுதுவதே முறை என்று நினைத்திருந்தேன். ஒத்திகையில் "அன்டிகோனே செய்தாள்" என்று ஒருவர் வாசித்தபோது, அன்டிகோனி தானாகவே செய்தாள் என்பது போல் காதில் விழுந்தது. "இஸ்மேனே வருகிறாள்" என்பது விளி போலக் கேட்டது. தமிழில் ஏகாரத்துக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் இருக்கின்றன. அதனால் இகரத்தில் முடித்தேன். வேற்றுமை உருபு சேர்த்து, விளியாகக் கூப்பிட்டு, இரண்டு விதமாகவும் உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகே எந்தப் பெயரையும் உறுதி செய்யுங்கள்.

ஆங்கில வழக்கில் வந்த பெயர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சோபோக்ளீஸின் வேறொரு நாடகத்தில் வீரன் ஒருவன் "அயய்!" என்று அலறிவிட்டு, என் பெயரே என் துன்பத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று யார் நினைத்திருப்பார்கள் என்கிறான். அவனை ஆங்கில வழியில் "ஏஜாக்ஸ்" என்று எழுதினால் அந்த அடிக்குப் பொருளே இல்லை. கிரேக்கப் பெயர் "அயாஸ்". "ஐயையோ" என்று அலறும் மொழியில் அயாஸ் என்ற பெயரோடு அந்த அடி அடிக்குறிப்பே இல்லாமல் பிழைத்துக்கொள்கிறது. இத்தகைய அதிர்ஷ்டம் பல மொழிகளுக்கு வாய்ப்பதில்லை.

முதல் அடியும் வேறு சில சொற்களும்

நாடகத்தின் முதல் அடியைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் "ஓ, பொதுவான, தன்னோடு பிறந்த இஸ்மேனியின் தலையே" என்று வரும். "தலை" என்பது கிரேக்கத்தில் பாசத்தோடு விளிக்கும் முறை. தமிழில் "தலையே" என்றால் அரங்கு சிரித்துவிடும். "அன்பு இஸ்மேனி" என்று சுருக்கினால், "பொதுவான" என்ற சொல்லில் உள்ள குடும்பக் கொடுமை போய்விடும்: இவர்களைப் பெற்ற தாயின் வயிற்றில் பிறந்தவன்தான் இவர்களுடைய தந்தையும். உடன்பிறந்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் "ஒரே வயிறு" என்பது. சகோதரன் என்ற சொல்லின் வேர்ப்பொருளும் அதுவே. பல வரைவுகளுக்குப் பின் நான் வந்து நின்ற இடம் இது:

இஸ்மேனி, என் கூடப்பிறந்தவளே, ஒரே வயிற்றில் என்னோடு கிடந்தவளே.

"உடன்பிறப்பே" என்ற சொல்லே முதலில் மனத்துக்கு வந்தது. ஆனால் தமிழ்நாட்டு அரங்கில் அந்த விளியைக் கேட்டதும் கட்சி மேடைதான் கண்முன் வரும். சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் இல்லை, அண்மைக்கால வரலாறும் உண்டு.

இருபதாம் அடியில் இஸ்மேனி, ஏதோ ஒரு சொல் உன் உள்ளத்தைக் கலக்குவது தெரிகிறது என்ற பொருளில் பேசுகிறாள். அங்குள்ள வினைச்சொல் செஞ்சாயம் எடுக்கும் கடற்சிப்பியின் பெயரோடு தொடர்புடையது. ஜெர்மானியக் கவிஞர் ஹோல்டர்லின் 1804இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் வேரைப் பிடித்துக்கொண்டு "நீ ஒரு சிவந்த சொல்லுக்குச் சாயம் ஏற்றுகிறாய்" என்ற பாங்கில் எழுதினார். ஷில்லர் உட்பட அக்காலத்தவர் சிரித்தார்கள். பிற்காலம் அதே மொழிபெயர்ப்பை வியந்து போற்றியது. புதியவருக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். "கலங்கு" என்ற நம் சொல்லிலேயே அடிமண் கிளறிய தண்ணீர் இருக்கிறது, அது போதும்.

332ஆம் அடியில் தொடங்கும் புகழ்பெற்ற பாடலின் முதற்சொல்லோடு சேர்ந்து வருவது "தெய்னோன்". வியப்பு, அச்சம், திறமை மூன்றும் அதில் உண்டு. "அற்புதங்கள் பல" என்று எழுதினால் அச்சம் போகும். "கொடியவை பல" என்றால் வியப்பு போகும். "பயங்கரமாகப் பாடுகிறான்" என்று நாம் பாராட்டாகவும் சொல்வதை நினைத்துக்கொண்டு, "பயங்கரமானவை பல; மனிதனைவிடப் பயங்கரமானது ஒன்றில்லை" என்று எழுதினேன். இதே சொல்லைக் காவலன் 243ஆம் அடியிலும் 323ஆம் அடியிலும் தன் பயத்தைச் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறான். அவன் வாயிலும் "பயங்கரம்" என்றே இருந்தால்தான், பாடற்குழு ஒன்பதே அடிகளுக்குப் பிறகு அதை எடுத்து உயர்த்துவது காதில் விழும்.

விதி என்பதற்கான கிரேக்கச் சொல் "மொய்ரா". அதன் அடிப்பொருள் "பங்கு". "ஊழ்வினை" என்று எழுதினால் முற்பிறவி உள்ளே நுழைந்துவிடும். கிரேக்க நாடகத்தில் அது இல்லை. தமிழில் "பால்" என்ற சொல் பகுதியையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும்; "பரியினும் ஆகாவாம் பாலல்ல" என்று குறளிலேயே வருகிறது. நூல் வடிவத்தில் பாடற்குழுவின் வாயில் இதைத் துணிந்து வைக்கலாம். மேடையில் "பால்" என்றால் குடிக்கும் பால்தான் நினைவுக்கு வரும். அங்கே "விதித்த பங்கு" என்பதோடு நிற்க வேண்டும். தெய்வங்களின் பெயர்களை மாற்றவே கூடாது: சீயஸை இந்திரன் ஆக்கினால் நாடகம் கிரேக்கத்தை விட்டே வெளியேறிவிடும்.

பேச்சு, பாட்டு, ஓலம்

உரையாடல் பெரும்பாலும் பன்னிரண்டு அசை கொண்ட ஒரே யாப்பில் நடக்கிறது. எல்லா யாப்பிலும் பேச்சுக்கு மிக நெருக்கமானது அதுவே என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். நம்மிடம் அந்த இடத்தில் இருப்பது அகவல். ஆனால் சீர் எண்ணி எழுதிய அகவல் இன்றைய நடிகரின் வாயில் செய்யுள் ஒப்பிப்பாக மாறிவிடுகிறது என்பது என் அனுபவம். அகவலின் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஓர் அடி என்று எழுதுவது நல்லது. மூல அடி ஒன்றுக்குத் தமிழ் அடி ஒன்று என்ற கட்டுப்பாட்டை, அடிக்கு அடி பதில் பேசும் இடங்களிலாவது விடாதீர்கள். அங்கே ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் பிடுங்கித் திருப்பி எறிகிறார்:

ஹைமோன்: ஒருவனுக்கே சொந்தமான ஊர் ஊரே அன்று.
கிரேயோன்: ஊர் ஆள்பவனுக்குத்தானே சொந்தம்?
ஹைமோன்: ஆளில்லாத ஊரைத் தனியாக நன்றாக ஆளலாம் நீங்கள்.

"ஆள்" என்ற சொல்லின் இரட்டைப் பொருள் தமிழ் தந்த கொடை; மூலத்தில் அந்தச் சிலேடை இல்லை. ஆனால் வேறு பல இடங்களில் மூலத்தின் சிலேடைகளை இழக்கிறோம் என்பதால் இதை வைத்துக்கொள்வதில் எனக்கு மன உறுத்தல் இல்லை.

காவலனுக்கு எந்தத் தமிழ் என்ற கேள்வி எழும். ஒரு தடவை அவனுக்கு முழுப் பேச்சுவழக்கைக் கொடுத்தேன். அவன் வாய் திறந்தபோதெல்லாம் அரங்கு சிரித்தது. அன்டிகோனியைப் பிடித்துவந்த இடத்திலும் சிரிப்பு அடங்கவில்லை. காட்சி கெட்டது. மூலத்தில் அவனும் அரசன் பேசும் அதே யாப்பில்தான் பேசுகிறான். தயக்கமும் சுற்றிவளைப்பும்தான் வேறு. ஒரு வட்டாரத்தின் அல்லது சாதியின் பேச்சை அவனுக்கு ஒட்டவைப்பது அந்த மக்களைச் சிரிப்புப் பொருளாக்குவதும் ஆகும்.

பதினைந்து முதியவர்கள் கொண்ட பாடற்குழு இரட்டைக் குழல் இசைக்கு ஆடிக்கொண்டே பாடியது. ஒரு பகுதி எந்தச் சந்தத்தில் போகிறதோ அதே சந்தத்தில் அடுத்த பகுதி திரும்பிவரும். மெட்டு ஒன்றுக்கு இரண்டு சரணம் எழுதுகிறவர்களுக்கு இது புதிதன்று. கிரேக்கச் சந்தத்தைத் தமிழில் போலி செய்ய முயலாமல், தமிழ்ச் சந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பகுதிக்கும் பிசகாமல் காப்பாற்றுங்கள். இசையமைப்பாளர் உங்களை வாழ்த்துவார். ஓலங்களை மட்டும் "(அழுகிறாள்)" என்ற குறிப்பாக மாற்றிவிடாதீர்கள். "ஒய்மொய்", "இயோ", "ஃபெவ்" எல்லாம் யாப்புக்கு உட்பட்டும் வெளியேயும் நிற்கும் உண்மையான ஒலிகள். ஐயோ, ஐயையோ, அந்தோ, ஓ என்று நம்மிடம் உள்ளவற்றைத் தரம் பிரித்து, யாருக்கு எது என்று முதலில் போட்ட கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். "அந்தோ" இன்று மேடையில் கேலியாகவே கேட்கும்.

ஒத்திகைக்குக் கொண்டுபோகும் படி

கையெழுத்துப் படிகளில் மேடைக் குறிப்புகள் அநேகமாக இல்லை. அசைவுகள் பேச்சுக்குள்ளேயே இருக்கின்றன: "தலையைத் தரையை நோக்கிக் குனிந்து நிற்கிறாயே, நீதான்" என்று கிரேயோன் சொல்வதால்தான் அன்டிகோனி எப்படி நிற்கிறாள் என்று தெரிகிறது. மொழிபெயர்ப்பில் அது தவறிப்போனால் நடிகைக்கு உடல்மொழியே தவறிப்போகும். "அதோ வருகிறான்" என்ற அறிவிப்புகள் சிறிய அரங்கில் மிகையாகப் படலாம். முகமூடி அணிந்த நடிகர்கள் திறந்தவெளியில் நடித்த நாடகத்துக்கு அவை தேவைப்பட்டன. அவற்றை வெட்டுவது இயக்குநர் விருப்பம். உங்கள் படியில் இருக்கட்டும்.

பேசுபவர் யார் என்பதே சில இடங்களில் தெளிவில்லை. 572ஆம் அடியில் "அன்பு ஹைமோன், உன் தந்தை உன்னை எவ்வளவு அவமதிக்கிறார்!" என்ற சொல் கையெழுத்துப் படிகளில் இஸ்மேனிக்கு உரியது, சில பதிப்பாசிரியர்கள் அன்டிகோனிக்கு மாற்றினார்கள். அவளுக்குக் கொடுத்தால், நாடகம் முழுவதிலும் அவள் தன் மணமகனைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரே இடம் அதுவாகிவிடும். ஒத்திகையில் இரு நடிகைகளையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்துக் கேளுங்கள். நான் இஸ்மேனிக்கே விட்டுவிட்டேன்; ஹைமோனிடம் அன்டிகோனி ஒரு சொல்லும் பேசாதது எனக்கு மூலத்தின் கடுமைக்கு ஏற்றதாகப் படுகிறது.

ஐந்து அடிக்கு ஒரு முறை கிரேக்க அடி எண்ணை ஓரத்தில் கட்டாயம் போடுங்கள். நூலுக்கு ஒரு படி, மேடைக்கு ஒரு படி என்று இரண்டு வைத்துக்கொண்டு, நடிகர் மூன்று முறை ஒரே இடத்தில் தடுக்கினால் அடியை மாற்றி, மாற்றியதை மேடைப் படியில் மட்டும் சிவப்பு மையால் எழுதி வாருங்கள்.